மடு தெளிந்த நாள்

திருப்பனந்தாளைத் தாண்டி மண்ணியாற்றங்கரைச் சாலையில் வேன் திரும்பியபோது முதலில் கண்ணில் பட்டது அந்த ஃபிளெக்ஸ்தான். இரண்டு சவுக்குக் கழிகளுக்கு நடுவே இழுத்துக் கட்டியிருந்தார்கள். கண்ணீர் அஞ்சலி. ரேஷன் கார்டுக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கியிருப்பார்கள் போலும். ஐம்பது வயதுக்குமேல் மதிக்கத்தக்க ஒரு அம்மா, வெற்றிலைச் சிவப்பேறிய உதடுகளை இறுக மூடிக்கொண்டு, கேமராவைப் பார்க்காமல் அதற்குச் சற்றுக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். ராமாயி என்று பெயர் போட்டிருந்தது. அதன் கீழே கருமாதி நாள்.

அன்றைய தேதி.

"இன்னைக்கேவா?" ராம்கி முன்சீட்டிலிருந்து திரும்பினார். "எழில், இதெல்லாம் எங்க வச்சுச் செய்வாங்க?"

"ஆத்துப் படித்துறையில சார்."

"நம்ம மடு இருக்கே, அந்தப் படித்துறையா?"

எழில்மொழி தலையாட்டினாள்.

வேனை ஓட்டிக்கொண்டிருந்த அஹமது கபீர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "அப்ப நேரா டீக்கடைக்கு விட்டுடவா பாப்பா? இந்த ஊர்ல மசால்வடை நல்லாருக்கும். மீனாவது ஒண்ணாவது."

யாரும் சிரிக்கவில்லை.

நீருக்குள் இறங்கிப் படமெடுப்பது ராம்கியின் தொழில். விலங்கியல் படித்துவிட்டு அவரிடம் வேலைக்குச் சேர்ந்திருந்த எழில்மொழிக்கு, எந்த நாளில், எந்தப் பொழுதில் இறங்கினால் நீருக்குள் கண் தெரியும் என்று சொல்வது வேலை. கடலென்றால் நிலவையும் காற்றையும் பார்த்தால் போதும். டெல்டாவின் ஆறு அப்படியில்லை. மேட்டூரை மூடிய பிறகுதான் ஓட்டம் நிற்கும். ஆறு வளைந்து குடைந்த மடுக்களில் மட்டும் ஆழமாக நீர் தங்கும். மெல்ல மெல்ல வண்டல் அடியில் படியும். ஒரு சில நாட்கள் கண்ணாடி மாதிரி இருக்கும். அதற்குள் கோடை நெல்லுக்கு நீர் இறைக்க இன்ஜினைக் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள், மறுபடி சேறு.

அந்தச் சில நாட்களுக்குள் ஒரு விரால் ஜோடி அங்கே குஞ்சு பொரித்திருக்க வேண்டும். குஞ்சுகள் செந்நிறமாக இருக்கும் பருவம் கடந்திருக்கக் கூடாது. மேகம் இருக்கக் கூடாது. ஒளி அடிவரை இறங்குவதற்குச் சூரியன் நேர் உச்சியில் நிற்க வேண்டும். இவ்வளவும் கூடிவருவது ஒரே ஒரு நண்பகல். நாளைக் காலை இன்ஜின் வருகிறது என்பதுவரை அவள் விசாரித்து வைத்திருந்தாள். ராமாயி என்பவரின் சாவை மட்டும் யாரும் அவளிடம் சொல்லவில்லை.

இதற்கு முன் இரண்டு பயணங்கள் அவள் சொன்ன நாளில் போய்ச் சேறாகத் திரும்பியிருந்தன. "எழில் நாள் குறிச்சா மீன் ஊருக்குப் போயிடும்" என்று ராம்கி எல்லோர் முன்னாலும் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

"நான் பேசினா சண்டையாயிடும்," என்றார் ராம்கி. "நீ இந்தப் பக்கத்துப் பொண்ணு. பக்குவமாக் கேளு. ஒரு ரெண்டு மணி நேரம் தள்ளி வச்சுக்கச் சொல்லு, போதும்."

படித்துறையின் மேல்படியில் செங்கல் பரப்பி, அதன்மேல், செத்தவராகப் பாவித்து மஞ்சள் பூசிய ஒரு கல்லை வைத்திருந்தார்கள். கல்லுக்குப் புதுப்புடவையிலிருந்து கிழித்த ஒரு துண்டு கட்டியிருந்தது. சாம்பிராணிப் புகை காற்றில்லாமல் நின்ற இடத்திலேயே நின்றது. உறவுக்காரப் பெண்கள் புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். கீழே மடு அசையாமல் கிடந்தது. எழில்மொழி அவர்களைப் பார்ப்பதற்கு முன் தண்ணீரைத்தான் பார்த்தாள். அடி தெரிந்தது. கூழாங்கல் தெரிந்தது. கல்லைத் தண்ணீரில் விடுவதற்கு முன் இத்தனை பேரும் இறங்கித் தலைமுழுகுவார்கள். அதன்பின் இரண்டு நாளைக்கு இங்கே கையை நீட்டினால் கை தெரியாது.

"வாங்கம்மா," என்று எழுந்து வந்தவர் இராஜாங்கம். செத்துப்போனவரின் தம்பி. தோளில் துண்டு போட்டிருந்தார். "யாரைப் பாக்கணும்?"

பக்குவமாகக் கேட்க வேண்டியதை வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள். ஐயா, நாங்கள் மீனைப் படம் எடுக்கிறவர்கள், உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால். அவ்வளவுதான். வாயைத் திறந்தாள்.

"யாரும் ஆத்துல இறங்கக் கூடாது," என்றாள். "கவர்மெண்டு சர்வே நடக்குது."

அது அவள் குரல் இல்லை. சிறுவயதில் அவள் வீட்டு வாசலுக்கு வந்து நின்று அதட்டியவர்களின் குரல். கூச்சத்தில் சொந்தச் சொல் எதுவும் கிடைக்காதபோது, நாக்குக்குத் தயாராகக் கிடைத்தது அதுதான்.

கல்லுக்கு அருகில் உட்கார்ந்திருந்த பெண் நிமிர்ந்தாள். எழில்மொழியின் வயதுதான் இருக்கும். தலை ஈரமாக விரிந்திருந்தது. "என்ன சர்வே? ஆர்டர் ஏதாச்சும் இருக்கா?"

எழில்மொழி கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டினாள். அந்தப் பெண் எழுந்து வந்து, அட்டையைக் கையில் வாங்கி, ஒரு கணம் பார்த்துவிட்டு விட்டாள்.

"எங்க அக்கா மவ, சுடர்விழி," என்றார் இராஜாங்கம் அவசரமாக. "மஸ்கட்ல நர்சு வேலை. அக்காவுக்கு ஆம்பளப் புள்ள கெடையாது. இவதான் கல்லு விடப்போறா. அதுக்கே நாலு நாளா ஊர்ல பஞ்சாயத்து ஓடி முடிஞ்சுருக்கு. ராத்திரி திருச்சியில ஃப்ளைட்டு." சொல்லிக்கொண்டே தோளில் கிடந்த துண்டை எடுத்து மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அவருக்கே தெரியாமல் நடந்தது அது. "உச்சி சாயுறதுக்குள்ள விட்ரணும்ங்க. திரும்பிப் பாக்காமப் போயிரணும். அப்பதான் செத்தவுங்க ஆவி போவும். இல்லாட்டி இங்கனயே நிக்கும்ங்க, பாவம்."

துண்டைத்தான் எழில்மொழி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மத்தியானம் விட்டுடுவோம்," என்றாள்.

"உச்சி சாயுறதுக்குள்ளயா மேடம்?"

"பார்க்கலாம்."

அந்தப் 'பார்க்கலாம்' கூட அவளுடையதில்லை.

"சரி தாயி. கவர்மெண்டு காரியத்துல நாம என்ன குறுக்க நிக்கிறது." அவர் திரும்பி உறவுக்காரர்களிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். செங்கற்களை எடுத்தார்கள். பானைகளை எடுத்தார்கள். வயலுக்கு அப்பால் இருந்த போர்செட்டுத் தொட்டிப் பக்கம் எல்லாம் ஊர்வலமாகப் போயின. படியில் கால் நனைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை இராஜாங்கமே அதட்டி மேலேற்றினார். "தண்ணியக் கலக்காத, மேடம் நிக்கிறாங்க."

சுடர்விழி மட்டும் போகவில்லை. கல்லைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கரைமேட்டில் வெயிலில் உட்கார்ந்தாள்.

"பிரமாதம்! என்ன சொன்ன?" என்றார் ராம்கி, ரப்பர் உடையை மாட்டிக்கொண்டே.

"கேட்டேன் சார்."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளா என்பது அவளுக்கே தெரியாது.

*

நீருக்குள் போனதும் எல்லாம் அடங்கிவிட்டது.

இவ்வளவு தெளிவை அவள் எந்த ஆற்றிலும் கண்டதில்லை. வெயில் உச்சியிலிருந்து கம்பி கம்பியாக இறங்கி அடியைத் தொட்டது. படித்துறையின் மூழ்கிய படிகள் பாசி படர்ந்து, ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கி, கடைசிப் படி வண்டலில் புதைந்திருந்தது. அந்த வண்டல் மாவு சலித்துக் கொட்டியது போலச் சமமாக இருந்தது. விரலால் தொட்டால் போதும், புகை மாதிரி எழும். அதனால் இருவரும் கால் துடுப்பை மேலே மடக்கிக்கொண்டு, அடியைத் தொடாமல், மிதந்தபடியே நகர்ந்தார்கள்.

நாணல் வேர்கள் தொங்கிய இடத்தில் விரால் இருந்தது. கை நீளம். ஆண். அதன் மேலே செந்தூரத்தைக் கரைத்துவிட்டாற்போல் குஞ்சுக்கூட்டம். சில நொடிக்கொருதரம் குஞ்சுகள் மொத்தமாக மேலே ஏறிக் காற்றைக் கவ்விவிட்டுத் திரும்பின. அப்போதெல்லாம் மேற்பரப்பில் தூறல் விழுவது போல ஒரு சத்தம் கேட்டது. விரால் அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றது.

ராம்கி கேமராவை நீட்டியபடி அசையாமல் கிடந்தார். எழில்மொழியின் இடம் அவருக்குப் பின்னால். விளக்கைப் பிடித்துக்கொண்டு, படித்துறையிலிருந்து யாரும் இறங்கிக் கலக்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவள் படிகளைப் பார்த்தபடி இருந்தாள்.

யாரும் இறங்கவில்லை.

கடைசிப் படிக்குக் கீழே, வண்டலில், சின்னதாக ஒரு புகை எழுந்தது.

கெளுத்தி ஏதாவது புரண்டிருக்கும் என்று நினைத்தாள். புகை எழுந்து, ஒரு முழம் உயர்ந்து, மெல்லக் கலைந்தது. கீழே மீன் எதுவும் இல்லை.

அதற்குச் சற்று முன்னால் இன்னொன்று எழுந்தது.

பிறகு இன்னொன்று. இடதாக ஒன்று, வலதாக ஒன்று. அவசரமே இல்லை. வரப்பில் நடக்கிறவர்கள் காலை ஊன்றி ஊன்றி வைப்பார்களே, அந்த இடைவெளி.

நீர் அங்கே காலியாக இருந்தது. வெயில் தடையில்லாமல் அடிவரை இறங்கியது. எந்த நிழலும் விழவில்லை.

புகை மட்டும் நடந்து வந்தது.

அவள் மூச்சை இழுத்தாள். சிலிண்டர் காற்றுக்கு மணம் கிடையாது. வறண்ட, ருசியில்லாத காற்று அது. இப்போது அது வெதுவெதுப்பாக இருந்தது. வெற்றிலையும் சுண்ணாம்பும் புகையிலையும் மணத்தது. இன்னொருவர் வாயிலிருந்து வெளியே வந்த மூச்சு. அதைத்தான் அவள் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள்.

வாயிலிருந்த குழாயை விட முடியவில்லை. விட்டால் வேறு காற்று இல்லை.

"முடிஞ்சுதுங்களா?"

நீருக்குள் சத்தம் காற்றில் போவதைவிடப் பலமடங்கு வேகமாகப் போகும். இரண்டு காதையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே எட்டிவிடுவதால் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது. கல்லூரியில் படித்ததுதான். அந்தக் குரல் முன்னாலிருந்து வரவில்லை, பின்னாலிருந்தும் வரவில்லை. அவள் தலைக்குள்ளிருந்து வந்தது போலிருந்தது. தாழ்ந்த குரல். கோபமில்லை. ஆபீஸ் வாசலில் நிற்கிறவர்களின் குரல்.

"முடிஞ்சுதுங்களா? நான் போவட்டுங்களா?"

அப்போது விரால் திரும்பியது.

முழு முகத்தையும் கேமராவுக்கு நேராகக் காட்டித் திரும்பியது. அதன் பின்னால் குஞ்சுக்கூட்டம் சிவப்பாக விரிந்தது. ராம்கி ஒரு வருடமாகப் பேசிக்கொண்டிருந்த படம் அதுதான். அவர் தோள் விறைத்தது. படிப் பக்கமிருந்து வண்டல் புகை இன்னும் இரண்டு எட்டு கிட்ட வந்தது. இன்னும் ஓர் எட்டு வைத்தால் அந்தக் கலங்கல் படத்துக்குள் வந்துவிடும்.

எழில்மொழி உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

நீருக்குள் இறங்கி வேலை செய்கிறவர்களின் சைகையில் அதற்கு 'அப்படியே நில்' என்று பொருள். பயத்தில் கை தானாக எழுந்தது என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம். பயத்தில் எழவில்லை. படம் கெட்டுவிடக் கூடாதென்றுதான் எழுந்தது.

புகை நின்றது.

"நிக்கிறேங்க."

ராம்கியின் கேமரா இடைவிடாமல் சொடுக்கத் தொடங்கியது. குஞ்சுகள் தகப்பனை விட்டு விலகி, அவள் நீட்டிய கைக்கு எதிரே, ஒன்றுமில்லாத அந்த நீரை நோக்கி வந்தன. வந்து சுற்றிக்கொண்டன. எதன்மீதோ மோதாமல் வளைந்து வளைந்து போயின. அவை போகாத இடம் மெல்ல மெல்ல உருவம் கொண்டது. சேர்த்துவைத்த இரண்டு கால்கள். கொசுவம் செருகிய இடுப்பு. மார்போடு அணைத்த கைகள். குளிருக்கு ஒடுங்கி நிற்கிறவர்கள் நிற்பது போல.

முகம் இருக்க வேண்டிய இடத்தைக் குஞ்சுகள் தொடவேயில்லை.

அவள் கையை இறக்கினாள். உருவம் நகரவில்லை. போங்கள் என்று கையை ஆட்டினாள். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். அவளுக்குத் தெரிந்த சைகைகளையெல்லாம் காட்டினாள். அந்த அம்மாவுக்கு அதெல்லாம் என்ன தெரியும். விரித்த கையைத் தெரியும். அது எல்லோருக்கும் தெரியும்.

நேராக நின்ற ஒளிக்கம்பிகள் கண்ணெதிரே சாயத் தொடங்கின.

*

மேலே வந்து வாயிலிருந்த காற்றுக்குழாயைத் துப்பினாள். படியில் உட்கார்ந்திருந்த அஹமது கபீர் கை கொடுத்தார்.

"ஏன் பாப்பா, சிலிண்டர்ல எதுவும் ஓட்டையா? நீங்க ரெண்டு பேரு இறங்குனீங்க. குமிழி மூணு எடத்துல வந்துச்சே?"

அவள் சிலிண்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்காலோடு கரைமேட்டில் ஏறினாள். சுடர்விழி அங்கேயே இருந்தாள். மடியில் கல். கல்லின் மஞ்சள் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது. தொட்டிப் பக்கமிருந்து திரும்பி வந்து கொஞ்சம் தள்ளிக் குந்தியிருந்த இராஜாங்கம் அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

"முடிஞ்சுதுங்களா மேடம்?"

அதே சொல். அதே தாழ்ந்த குரல்.

"நாங்க கவர்மெண்டு இல்ல," என்றாள். "சர்வேயும் இல்ல. மீனைப் படம் எடுக்க வந்தோம். தண்ணி கலங்கிடுமேன்னு பொய் சொன்னேன்."

இராஜாங்கம் ஒன்றும் புரியாதவர் போல் அவளையும் சுடர்விழியையும் பார்த்தார்.

"தெரியும்," என்றாள் சுடர்விழி. "கார்டுல மீன் படம் போட்டிருந்துச்சு. நான் கேக்கத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள மாமா துண்டை எடுத்துட்டாரு. அவரு எடுத்ததுக்கப்புறம் நான் பேசினா, எடுத்தது அவருக்கு அசிங்கமாப் போயிடும். அதான் பேசல."

எழில்மொழி தலைகுனிந்து நின்றாள். உடையிலிருந்து நீர் சொட்டியது.

"ஒங்களுக்கு எந்த ஊரு?"

"திருவிடைமருதூர் பக்கம்."

"அங்க எந்தத் தெரு?"

எழில்மொழி தெருவைச் சொன்னாள்.

அந்த ஊரையும் தெருவையும் தெரிந்தவர்களுக்கு அதற்குமேல் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. சுடர்விழி அவள் முகத்தையே பார்த்தாள். அதில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

"ஒங்க வீட்டுல யாருமே துண்டை எடுத்து நீங்க பாத்ததில்லையா?"

பார்த்திருக்கிறாள். அப்பா எடுத்து, ஒருமுறை, பள்ளிக்கூடத்து வாசலில், அவள் தோழிகள் நிற்க.

"உச்சி சாஞ்சிருச்சு புள்ள," என்றார் இராஜாங்கம் மெதுவாக. "இருந்தாலும் விட்ருவோம். வண்டி வந்துரும். இதுக்கு மேல எங்க போயி விடுறது."

உறவுக்காரர்கள் தொட்டியிலேயே தலைமுழுகிவிட்டுத் திரும்பி வந்தார்கள். நீருக்குள்ளிருந்து ஏறி வந்த ராம்கி தலையைத் துவட்டிக்கொண்டே, "எழில்! மாட்டிக்கிச்சு! நீ குறிச்ச நாள் தங்கம்!" என்று கத்தினார். யாரும் திரும்பிப் பார்க்காததைக் கண்டு குரலை அடக்கிக்கொண்டு வேனுக்குப் போனார். அஹமது கபீர் சிலிண்டர்களைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்.

சுடர்விழி கல்லைத் தோளில் வைத்துக்கொண்டு படித்துறையில் நீருக்கு முதுகு காட்டி நின்றாள். உறவுக்காரர்களும் கரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். அவள் எழில்மொழியைப் பார்த்தாள்.

"நாங்க பாக்கக் கூடாது. நீங்க பாருங்க. அடியில போய்ச் சேந்துச்சான்னு மட்டும் எனக்குச் சொல்லுங்க. அது தெரியாம என்னால ப்ளேன் ஏற முடியாது."

இதையாவது செய்ய முடியுமே என்று எழில்மொழிக்கு நெஞ்சு கொஞ்சம் இளகியது. படிகளில் இறங்கி, இடுப்பளவு நீரில் நின்றாள்.

சுடர்விழி கல்லைத் தோளுக்குப் பின்னால் விட்டாள். "போம்மா," என்றாள். அவ்வளவுதான். நடக்கத் தொடங்கினாள்.

கல் விழுந்தது. வளையங்கள் விரிந்து கரையைத் தொட்டு அடங்கின. மடு இன்னும் அதே தெளிவோடு இருந்தது. புடவைத் துண்டு படபடக்க, மஞ்சள் கரைந்து பின்னால் நூலாக நீள, கல் நேராக இறங்குவதை எழில்மொழி பார்த்தாள். அடியை நெருங்கியது.

நின்றது.

அடிக்கு மேலே, ஒரு பெண்ணின் இடுப்பளவு உயரத்தில், நீருக்கு நடுவே அது நின்றது. ஆடவில்லை. யாரோ இரண்டு கைகளிலும் பதறாமல் வாங்கிக்கொண்டது போல நின்றது.

"போயிருச்சா?" கரைமேட்டிலிருந்து சுடர்விழியின் குரல். திரும்பாமல், நடந்துகொண்டே.

எழில்மொழி வாயைத் திறந்தாள். இல்லை என்று சொன்னால் அவள் திரும்பிவிடுவாள். பெற்ற மகள், திரும்பாமல் இருக்கமாட்டாள். திரும்பினால் என்ன ஆகும் என்று எழில்மொழிக்குத் தெரியாது. இராஜாங்கத்தின் முதுகு தெரிந்தது. துண்டு இன்னும் கக்கத்தில்தான் இருந்தது.

"போங்கம்மா," என்று நீரைப் பார்த்துக் கெஞ்சினாள், உதடு மட்டும் அசைய. "நான் சொன்னதையெல்லாம் விட்டுடுங்க. போங்க."

கல் அசையவில்லை.

"மேடம், போயிருச்சா?" சுடர்விழியின் குரல் உடைந்திருந்தது.

"போயிருச்சு," என்றாள் எழில்மொழி உரக்க. தெளிவாக வந்தது குரல். காலையில் வந்த அதே குரல்.

கரைமேட்டுக்கு அப்பால் யாரோ விம்முவது கேட்டது. பிறகு காலடிகள் தேய்ந்தன. ஒரு கார் கிளம்பிப் போனது. புங்கமரத்தடியில் விட்டுப்போன சாம்பிராணி மட்டும் புகைந்துகொண்டிருந்தது.

எழில்மொழி நீரிலிருந்து காலை எடுக்க நினைத்தாள். கால் வரவில்லை.

கீழே, கல்லுக்கு அடியில், வண்டலில் சின்னதாக ஒரு புகை எழுந்தது.

கல் ஓர் எட்டு முன்னால் வந்தது.

இன்னொரு புகை. இன்னோர் எட்டு. சுமையோடு நடக்கிறவர்கள் நடப்பது போல, கொஞ்சம் சாய்ந்து, கொஞ்சம் நிதானித்து, அது படித்துறையை நோக்கி வந்தது. மூழ்கிய கடைசிப் படியில் பாசி அழுந்தியது. அடுத்த படி. அதற்கடுத்த படி. வெற்றிலை மணம் நீரிலிருந்து எழுந்து அவள் முகத்தைத் தொட்டது.

அவள் நின்ற படிக்கு ஒரு படி கீழே வந்து கல் நின்றது. நீர்மட்டத்துக்கு வெளியே வரவில்லை. மேலே ஏற, சொல்லுக்காகக் காத்திருந்தது.

"இத எங்கங்க வைக்கட்டும்?"